அளவுத் தட்டு: விருந்து நாள்களில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

உடல் எடையைக் குறைக்க முயன்றுகொண்டிருப்பவர்களுக்கு என்று விற்கப்படும் பொருள்களில் மிக எளிமையானது, உட்புறத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் சாப்பாட்டுத் தட்டுதான். தட்டின் பாதி காய்கறிக்கும் பழத்துக்கும், கால் பகுதி தானிய உணவுக்கும், எஞ்சிய கால் பகுதி பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற புரத உணவுக்கும் என்று அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். இதற்கு மின்கலம் வேண்டாம், செயலி வேண்டாம், கணக்கும் எழுத வேண்டாம். விடுமுறைக் காலம் நெருங்கும்போது இதன் விளம்பரங்கள் பெருகுவதையும், 'விருந்திலும் எடை கூடாது' என்ற வகையில் அவை உறுதியளிப்பதையும் கவனித்திருப்பீர்கள். அந்த உறுதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

ஏறத்தாழ ஓராண்டாக, இரண்டு விடுமுறைக் காலங்கள் உட்பட, நான் இரண்டு தட்டுகளைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். ஒன்று கோடுகள் அச்சிட்ட பீங்கான் தட்டு. மற்றொன்று பகுதிகளுக்கு இடையே தடுப்பு எழுப்பிய மெலமின் தட்டு. தயாரிப்பாளர்களின் பெயர்களைக் குறிப்பிடாததற்குக் காரணம், இவ்வகைத் தட்டுகளின் அமைப்பு எங்கும் ஒன்றாகவே இருப்பதும், நான் சொல்லப்போகும் குறைகள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியவை அல்ல, அந்த அமைப்புக்கே உரியவை என்பதும்தான்.

இந்தப் பாதி, கால், கால் என்ற பிரிவு விற்பனையாளர்கள் கண்டுபிடித்தது அல்ல. நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு அறிவுரை கூறுபவர்கள் இதைப் பல காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை தன் பழைய கூம்பு வடிவ உணவுப் படத்தைக் கைவிட்டுத் தட்டு வடிவப் படத்துக்கு மாறியது 2011 ஜூன் மாதத்தில். அதே ஆண்டில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி, முழுத் தானியத்தையும் நல்ல எண்ணெயையும் இன்னும் தெளிவாக வலியுறுத்தும் தன் சொந்தத் தட்டுப் படத்தை வெளியிட்டது. ஆகவே தட்டில் உள்ள கோடுகளின் பின்னால் நியாயமான அடிப்படை இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் உணவு வகைகளின் விகிதத்தைக் காட்டுவதற்காக வரையப்பட்டவை. எடை குறைவதற்கு எவ்வளவு உண்ண வேண்டும் என்பதைச் சொல்வதற்காக அல்ல. விகிதத்தையும் அளவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் இந்தப் பொருளின் விளம்பரமும், அதை நம்பி வாங்குபவரின் ஏமாற்றமும் தொடங்குகின்றன.

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த மற்றொரு உறுதிமொழி, சிறிய தட்டு கண்ணை ஏமாற்றி உணவைப் பெரிதாகக் காட்டும் என்பது. இதற்கு அடிப்படை, பெல்ஜியத்தைச் சேர்ந்த உளவியலாளர் டெல்பஃப் 1865இல் விவரித்த ஒரு கண்மயக்கம்: ஒரே அளவுள்ள வட்டத்தைப் பெரிய வளையத்துக்குள் வைத்தால் சிறிதாகவும், தன்னை நெருங்கிச் சூழும் வளையத்துக்குள் வைத்தால் பெரிதாகவும் தோன்றும். கண்மயக்கம் உண்மை. ஆனால் அதனால் மனிதர் குறைவாக உண்பார் என்ற முடிவைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உண்ணும் பழக்கங்களை ஆராய்ந்த பிரையன் வான்சிங்க். அவருடைய ஆறு கட்டுரைகளை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழ்கள் 2018இல் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. பல்கலைக்கழகத்தின் விசாரணை அவர்மீது ஆய்வு முறைகேட்டை உறுதிசெய்தது. அவர் பதவியிலிருந்து விலகினார். வேறு ஆய்வாளர்கள் தட்டின் அளவை மட்டும் மாற்றிப் பார்த்தபோது கிடைத்த முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மறுபுறம், பரிமாறப்படும் பங்கு பெரிதாக இருந்தால் மக்கள் அதிகமாக உண்கிறார்கள் என்பதை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஆதரித்தது. சுருங்கச் சொன்னால், தட்டில் வந்து விழும் உணவு குறைந்தால் உண்பதும் குறையும். தட்டு மட்டும் சிறிதாகி, கை இரண்டாம் முறையும் பாத்திரத்தை நோக்கிச் சென்றால் ஒன்றும் குறையாது.

என் அனுபவமும் அதுவே. முதல் வாரத்தில் தட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டே இரண்டு முறை நிரப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், "இது குழந்தைக்கு வாங்கியதா?" என்று கேட்டபோது சிரித்தேன், பிறகு யோசித்தபோது, அந்த வாரம் நான் உண்டது பழைய பெரிய தட்டில் உண்டதைவிட அதிகமாகவே இருந்திருக்கும் என்று தோன்றியது.

அளவைப் பற்றி இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கேதான் தட்டின் மிகப் பெரிய குறை இருக்கிறது. பீங்கான் தட்டில் விளிம்பை நீக்கிவிட்டால் உணவு வைக்கும் சமதளத்தின் விட்டம் 20 செ.மீ. அதன் பரப்பு ஏறத்தாழ 314 சதுர செ.மீ.; கால் பகுதி 78 சதுர செ.மீ. அந்தக் கால் பகுதியில் தானிய உணவை 1 செ.மீ. உயரத்துக்குச் சமமாகப் பரப்பினால் 78 மில்லிலிட்டர் கொள்ளும். அதே கோட்டுக்குள், கவிழ்த்து வைத்த கிண்ணம்போல் நடுவில் 3 செ.மீ. உயரும்படி குவித்தால் 150 மில்லிலிட்டரைத் தாண்டும். இரண்டு முறையும் கோட்டை மீறவில்லை. ஆனால் உணவு இரு மடங்கு ஆகிவிட்டது. கோடு நீளத்தையும் அகலத்தையும் அறியும், உயரத்தை அறியாது. ஒரு வாரம் முழுவதும் கோட்டுக்குள் பரிமாறிவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். பசி மிகுந்த நாள்களில் என் கை எனக்குத் தெரியாமலே குவித்திருந்ததைத் தராசு காட்டிக்கொடுத்தது. தட்டு வாங்குபவர்கள் தொடக்கத்தில் சில நாள்களாவது தராசையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பழக்கம் இல்லாமல் கோடுகளை நம்புவது, பாதி மூடிய கதவைப் பூட்டிவிட்டதாக நினைப்பதைப் போன்றது.

உயரத்தைவிடவும் மோசமாக ஏமாற்றுவது எண்ணெய். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தருகிறது. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரியே தருகின்றன. தட்டின் பாதியில் வேகவைத்த காய்கறி 150 கிராம் வைத்தால், நீர்ச்சத்து மிகுந்த காய்களாக இருக்கும் பட்சத்தில், அதில் இருப்பது ஐம்பது கலோரி அளவே. அதே காயைச் சமைக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்ந்தால், ஒவ்வொரு கரண்டியும் ஏறத்தாழ 120 கலோரி என்பதால், மொத்தம் 290 கலோரியை நெருங்குகிறது. தட்டில் அது அடைத்துக்கொள்ளும் இடம் மாறவே இல்லை. எண்ணெய் மினுமினுப்பைத் தவிரக் கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது. விருந்துச் சமையல் என்றாலே எண்ணெயும் வெண்ணெயும் பாலேடும் கொட்டைகளும் அன்றாடச் சமையலைவிடத் தாராளமாகச் சேரும் சமையல்தான். ஆகவே அன்றாடத்தில் ஓரளவு நம்பகமாக இருக்கும் இந்தத் தட்டு, எந்த நாளுக்காக விளம்பரம் செய்யப்படுகிறதோ அந்த நாளில்தான் மிக அதிகமாகத் தவறுகிறது.

பானங்களுக்கும் இனிப்புக்கும் தட்டில் இடமே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 330 மில்லிலிட்டர் இனிப்புப் பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது 140 கலோரி. மது அருந்துபவராக இருந்தால் அதிலுள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி. இவை கோப்பையில் வருபவை; தட்டின் கோடுகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை. இனிப்பை எங்கே வைப்பது என்று நான் பலமுறை தடுமாறி, கடைசியில் தானியத்தின் கால் பகுதியிலேயே பாதியை அதற்கு விட்டுக்கொடுப்பது என்று எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். தயாரிப்பாளர் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

இனி விருந்து நாள். பொதுவான ஆலோசனைகளில் ஒன்று, "எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும்" என்பது. கேட்க நிதானமாக இருக்கும் இந்த ஆலோசனையைத் தட்டோடு சேர்த்துச் செய்து பார்த்தேன். பன்னிரண்டு வகை இருந்த ஒரு விருந்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்தபோது கோடுகள் எல்லாம் மறைந்து, எது எந்தப் பகுதியில் கிடக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. அதைவிட முக்கியமானது நாவின் இயல்பு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மேலுள்ள விருப்பம் விரைவில் குறைகிறது. புதிய சுவை ஒன்று வந்ததும் விருப்பம் மறுபடி எழுகிறது. பார்பரா ரோல்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகும் இனிப்புக்கு இடம் இருப்பதாகத் தோன்றுவதன் காரணம் இதுதான். அப்படியானால் பன்னிரண்டு கரண்டிகள் என்பது பன்னிரண்டு முறை பசியை எழுப்பிவிடுவது ஆகும். அடுத்த விருந்தில் முறையை மாற்றினேன்: உட்காருவதற்கு முன் எல்லாப் பாத்திரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, அன்றாடம் கிடைக்காத, உண்மையிலேயே விரும்பும் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்தேன், எந்த நாளிலும் கிடைப்பவற்றை விட்டுவிட்டேன். கோடுகள் அப்போதுதான் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன.

தட்டுக்கு நியாயமாகத் தர வேண்டிய பாராட்டு காய்கறியின் பாதியைப் பற்றியது. அந்தப் பாதியை முதலில் நிரப்பி, அதை முதலில் உண்ணத் தொடங்கினால், மீதி இடம் தானாகவே சுருங்குகிறது. நீரும் நாரும் மிகுந்த உணவு குறைந்த கலோரியில் இரைப்பையை விரிவடையச் செய்கிறது. குடலிலிருந்து நிறைவைத் தெரிவிக்கும் சுரப்புகள் மூளையை எட்டச் சற்று நேரமும் ஆகிறது. அந்த நேரத்தைக் காய்கறியில் கழிப்பதா, பொரித்ததில் கழிப்பதா என்பதே கேள்வி. பழைய தட்டில் காய்கறி எப்போதும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தட்டில் பாதி வெறுமையாக இருப்பதைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால், விருந்தில் எண்ணெய் குறைவான பச்சைக் காய்கறி ஒன்றையாவது நானே செய்து வைக்கத் தொடங்கினேன். என் வீட்டில் தட்டு செய்த மிகப் பெரிய மாற்றம் என் தட்டில் அல்ல, சமையலில்தான் நிகழ்ந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யக் கூடாது என்று அனுபவத்தால் சொல்வேன்: இரவு விருந்துக்காகப் பகல் முழுவதும் பட்டினி கிடப்பது. கலோரியைச் சேமித்து வைப்பதாக எண்ணி அப்படிச் செய்த நாளில், தட்டின் கோடுகளை நான் பார்க்கவே இல்லை. முதல் பத்து நிமிடத்தில் என்ன உண்டேன் என்பதும் நினைவில் இல்லை. காலையிலும் மதியமும் வழக்கமான, புரதம் உள்ள உணவைச் சற்றுக் குறைத்து உண்டுவிட்டுப் போன நாள்களில்தான் தட்டு தன் வேலையைச் செய்தது.

பிறர் வீட்டு விருந்துக்கு இந்தத் தட்டை எடுத்துச் செல்ல முடியாது. எடுத்துச் செல்வதும் அழகல்ல. விற்பவர்கள் பேசாமல் விட்டுவிடும் உண்மை, விடுமுறை உணவுகளில் பெரும்பங்கு நம் தட்டில் உண்ணப்படுவதே இல்லை என்பது. ஆனால் இரண்டு மூன்று மாதம் இதில் உண்ட பிறகு, கோடு இல்லாத தட்டிலும் கண் தானே கோடு போட்டுக்கொள்வதைக் கவனித்தேன். என் கணிப்பில் இந்தப் பொருளின் உண்மையான பயன் அதுதான்: விருந்து நாளுக்கான கருவியாக அல்ல, அதற்கு முந்திய சாதாரண நாள்களில் கண்ணுக்கும் கைக்கும் தரும் பயிற்சியாக அது வேலை செய்கிறது.

அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். அச்சிட்ட கோடுகள் உணவு விழுந்ததும் மறைந்துவிடுகின்றன என்பதால், முதலில் எதை வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். தடுப்புள்ள தட்டில் அந்தக் குழப்பம் இல்லை; குழம்பு வகைகளும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆனால் தடுப்பின் உயரம் வரை நிரப்பலாம் என்று அது ஓசையின்றி அனுமதி தருகிறது. மேலும், தானியத்தோடு குழம்பைப் பிசைந்து உண்பவர்களுக்கு அதில் கை நுழைவதே சிரமம். மெலமின் தட்டை நுண்ணலை அடுப்பில் வைக்கக் கூடாது. அதன் மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு தங்குகிறது, ஓராண்டில் மஞ்சள் கறையும் ஏறிவிட்டது. பீங்கான் தட்டில் கோடுகள் இன்னும் அழியவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் பீங்கானையே வைத்துக்கொள்வேன்.

விலைக்குத் தகுந்த பொருளா என்று முடிவு செய்வதற்கு முன், விடுமுறையில் உண்மையில் எவ்வளவு எடை கூடுகிறது என்று தெரிந்திருப்பது உதவும். அமெரிக்காவில் 195 பேரைத் தொடர்ந்து எடை பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சராசரியாகக் கூடியது 0.37 கிலோ மட்டுமே. அவர்களோ தங்களுக்கு அதைப் போல் நான்கு மடங்கு கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூடியது சிறிது என்பது ஆறுதல். ஆனால் அந்தச் சிறிது அடுத்த மாதங்களில் இறங்கவில்லை என்பதுதான் ஆய்வின் கவலைக்குரிய பகுதி. ஆண்டுதோறும் அது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரக்கூடியது.

விருந்துக்கு மறுநாள் காலையில் தராசு ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டினால் தட்டைக் குறை சொல்லவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர்வதற்குத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரே விருந்தில் அது நடப்பது அரிது. உடல் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன், ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. உப்பும் நீரைத் தேக்குகிறது. உணவே இன்னும் குடலில் இருக்கிறது. சில நாள்கள் வழக்கமான உணவுக்குத் திரும்பினால் இதில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்குப் பின்னும் நிற்பதுதான் உண்மையான கணக்கு.

இந்த இடத்தில் தட்டின் போட்டியாளரான உடல் எடைத் தராசைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2016, 2017 ஆண்டுகளின் இறுதி மாதங்களில் 272 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினரிடம் வாரத்துக்கு இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்லி, பத்து எளிய குறிப்புகளும், விடுமுறைப் பண்டங்களின் கலோரியைச் செலவிட எவ்வளவு உடலுழைப்பு வேண்டும் என்ற பட்டியலும் தந்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஒரு பொதுவான நலவாழ்வுத் துண்டறிக்கை. துண்டறிக்கை பெற்றவர்களின் எடை சராசரியாக 0.37 கிலோ கூடியது. எடை பார்த்தவர்களின் எடை 0.13 கிலோ குறைந்தது. வேறுபாடு சிறியதே, ஆனால் எதிர்பார்க்கும் திசையில் தெளிவாக இருந்தது. கோடு போட்ட தட்டை விருந்துக் காலத்தில் இப்படிச் சோதித்த ஆய்வு எதையும் விளம்பரங்கள் எடுத்துக்காட்டுவதில்லை. ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எடை பார்க்கும் தராசை வாங்குங்கள். அது ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் தட்டைப் பற்றி யோசியுங்கள்.

சிலருக்கு இரண்டுமே பொருந்தா. உணவைப் பற்றிய அச்சத்தாலோ கட்டுப்பாடற்ற உண்ணலாலோ முன்பு துன்பப்பட்டவர்களுக்குக் கோடுகளும் எண்களும் பழைய புண்ணைக் கிளறக்கூடும். கருவுற்றவர்கள், வளரும் பிள்ளைகள், இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் ஆகியோரின் தேவை தட்டின் கோடுகளால் முடிவு செய்யப்படக் கூடாது. அது மருத்துவரிடம் பேசிச் செய்ய வேண்டியது. மற்றவர்கள் வாங்குவதானால், விடுமுறை தொடங்கக் குறைந்தது ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே, விளிம்பு நீங்கலாக 20 செ.மீ. சமதளம் உள்ள பீங்கான் தட்டாகப் பார்த்து வாங்குங்கள். விருந்துக்கு முந்திய நாள் வாங்கினால், அன்றைக்கு அது இன்னொரு தட்டு, அவ்வளவுதான்.